செழிப்பும் ஒரு மாசுதான்

ஒரு புல்வெளி போன வருடத்தைவிடப் பச்சையாகவும் உயரமாகவும் வளர்ந்து நின்றால் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. புகை தெரிந்தால் கேள்வி கேட்போம், ஆற்றில் நுரை வந்தால் படம் எடுத்துப் போடுவோம். புல் செழித்தால்? நல்ல மழை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சத்து மிகுந்து போவதால் வரும் மாசு இத்தனை காலம் தப்பித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையான புல்வெளியில் மண்ணில் சத்து குறைவாக இருப்பதை ஒரு குறையாகப் பார்க்கவே கூடாது. அங்கே அத்தனை வகைச் செடிகள் பிழைத்திருப்பதே அந்தப் பற்றாக்குறையால்தான். அதைக் கலைக்கும் எதையும், உர மூட்டையிலிருந்து வந்தாலும் சரி, காற்றில் மிதந்து வந்தாலும் சரி, மாசு என்றே கணக்கில் எழுத வேண்டும்.

இதற்கு ஆதாரம் ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ‘பார்க் கிராஸ்’ என்று ஒரு புல்வெளி இருக்கிறது. 1856ல் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் அதைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை உரம் போட ஆரம்பித்தார்கள். பல்லுயிர் பற்றிய கவலை எல்லாம் அவர்களுக்கு இல்லை. கால்நடைக்கு உலர்புல் அதிகம் கிடைக்க என்ன வழி, அவ்வளவுதான் கேள்வி. புல்லும் அதிகம் கிடைத்தது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பாத்திகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி மாறிவிட்டன. உரச் சோதனையா, விதைச் சோதனையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வித்தியாசம் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே போடாத பாத்திகளில் ஏறக்குறைய 40 இனங்கள் வளர்கின்றன. வருடா வருடம் அம்மோனியம் சல்பேட்டை அதிக அளவில் வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பும் போடப்படாமல் விடப்பட்ட பாத்திகளில் இரண்டு மூன்று இனங்கள்தான். மண் அமிலமாகி, செத்த புல் மக்காமல் மேலே மெத்தை மாதிரி படிந்து கிடக்கிறது. எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். ஒரே மழை, ஒரே வெயில்.

ஏன் இப்படி ஆகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. சத்து குறைந்த மண்ணில் எந்தச் செடிக்கும் வயிறு நிறைவதில்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதாது, இன்னொன்றுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்), மற்றொன்றுக்குத் தண்ணீர். பயறு வகைச் செடிகள் வேர் முடிச்சில் பாக்டீரியாவை வைத்துக்கொண்டு காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. சில செடிகள் பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்து மணிச்சத்தைத் தேடிப் பிடிக்கின்றன. சில ஆழமாக வேர்விடுகின்றன. ஆளுக்கொரு வித்தை. யாரும் மற்றவரை மூடுமளவுக்கு வளர முடியாததால் தரைவரை வெளிச்சம் இறங்குகிறது, குட்டைச் செடிகளும் பூக்கின்றன. இங்கே உரத்தைக் கொட்டினால் இந்த வித்தைகள் எதற்கும் வேலை இல்லாமல் போகிறது. காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கத் தெரிந்திருப்பதில் என்ன லாபம், அதுதான் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறதே! மண்ணுக்குள் பல விதமாக நடந்துகொண்டிருந்த போட்டி, யார் உயரம் என்ற ஒரே போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. அதில் வேகமாக வளரும் சில புற்கள் ஜெயிக்கும். முதலில் காணாமல் போவது பயறு வகைகளும் சிறு பூச்செடிகளும்தான்.

வெளிச்சம்தான் காரணமா, வேர்களுக்கு இடையிலான போட்டியும் கூடுகிறதா என்று நீண்ட காலம் விவாதம் இருந்தது. 2009ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் யான் ஹோத்தியே குழுவினர் செய்த காரியம் எளிமையானது, எனக்கு ரொம்பவே பிடித்தது. உரம் போட்ட செடிக் கூட்டங்களுக்கு நடுவே, குட்டைச் செடிகளின் மட்டத்தில் குழல் விளக்குகளைப் பொருத்திவிட்டார்கள். உரம் போட்டும் இனங்கள் குறையவில்லை. அது கண்ணாடிக் கூடத்துச் சோதனைதானே என்று கேட்டவர்களுக்கு 2022ல் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. திறந்த புல்வெளியிலேயே விளக்கு வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதை. சத்து நேரடியாகச் செடியைக் கொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், பெரும்பாலான வேலையை நிழல்தான் செய்கிறது.

நிழல்தான் வில்லன் என்றால் மேய்ச்சலுக்கு இதில் பெரிய பங்கு இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. ‘நியூட்ரியன்ட் நெட்வொர்க்’ என்று உலகம் முழுக்க ஒரே முறையில் சோதனை செய்யும் ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்று உண்டு. ஆறு கண்டங்களில் 40 புல்வெளிகளில் உரம் போட்டும் வேலி கட்டியும் பார்த்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். மேயும் விலங்குகள் தரைக்கு வெளிச்சத்தைத் திறந்துவிட்ட இடங்களில் செடி வகைகள் தாக்குப் பிடித்தன.

இதைவிட எனக்கு மறக்க முடியாதது கலிபோர்னியாவின் செர்பன்டைன் பாறை மண் புல்வெளிகள். அந்த மண்ணில் சத்து மிகக் குறைவு என்பதால் வெளியிலிருந்து வந்த புற்களால் நுழைய முடியாமல், உள்ளூர்ப் பூச்செடிகள் நிம்மதியாக இருந்தன. வாகனப் புகையிலிருந்து வந்த நைட்ரஜன் அங்கே படியத் தொடங்கியதும் இத்தாலிய ரைபுல் உள்ளே வந்தது. மாடு மேய்ந்த இடங்களில் அது அடங்கிக் கிடந்தது. மாட்டை வெளியேற்றிய இடங்களில் காடாக வளர்ந்து, ‘பே செக்கர்ஸ்பாட்’ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும் குட்டைச் செடியை மூடிவிட்டது. செடி போனதும் பூச்சியும் போனது. ஸ்டூவர்ட் வைஸ் 1999ல் இதை எழுதியபோது, இயற்கையைக் காப்பது என்றால் வேலி போட்டு மாட்டை விரட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். அதற்காக மேய்ச்சலே மருந்து என்று கிளம்பிவிட வேண்டாம். கணக்கில்லாமல் மாட்டை அடைத்து, வெளியிலிருந்து தீவனமும் கொண்டு வந்து போட்டால், சாணமும் சிறுநீருமாக அதே சத்து அதே மண்ணுக்குத்தான் போகும். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா பக்கத்துப் புல்வெளியையும் விடாது.

இப்போது அளவுக்கு வருவோம். பார்க் கிராஸில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள், அதனால் அழிந்தது, காற்றில் வரும் கொஞ்சம் நைட்ரஜன் என்ன செய்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. கார்லி ஸ்டீவன்ஸும் மற்றவர்களும் பிரிட்டனில் 68 அமில மண் புல்வெளிகளை அளந்து 2004ல் எழுதினார்கள்: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2.5 கிலோ நைட்ரஜன் கூடுதலாகப் படியும்போது, 4 சதுர மீட்டர் கட்டத்தில் ஒரு இனம் குறைகிறது. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் அது கால் கிராம்! அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் 1982ல் தொடங்கிய சோதனையிலும், மிகக் குறைந்த அளவான ஹெக்டேருக்கு 10 கிலோவே இனங்களின் எண்ணிக்கையை 17 சதவீதம் குறைத்தது. உரக் கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார், அவருக்கு அது ஒரு அளவே இல்லை.

‘இனம் குறைந்தால் என்ன, புல் அதிகம் கிடைக்கிறதே’ என்பவர்களுக்கும் சீடர் கிரீக்கிலேயே பதில் இருக்கிறது. ஆரம்பத்தில் விளைச்சல் நன்றாகவே கூடியது. வருடங்கள் போகப் போக, இனங்கள் குறையக் குறைய, அந்தக் கூடுதல் விளைச்சலும் சுருங்கிக்கொண்டே வந்தது.

உரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1909ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டியிருக்காவிட்டால் இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு இருக்காது. வயலுக்கு வயல் நியாயம், புல்வெளிக்குப் புல்வெளி நியாயம். சிக்கல் என்னவென்றால், வயலுக்குப் போடும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி பயிரில் சேர்வதே இல்லை. தண்ணீரில் கரைந்தும் ஆவியாகவும் வெளியே போய்விடுகிறது. அதை யாருடைய கணக்கில் எழுதுவது? நெதர்லாந்தில் 2019ல் இந்தக் கேள்வி வெடித்தது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் நைட்ரஜன் படிவதைக் குறைக்காமலே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த முறை செல்லாது என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொல்ல, கட்டுமானத் திட்டங்கள் நின்றன, விவசாயிகள் டிராக்டரில் நாடாளுமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கே கிளம்பினார்கள். இன்னும் விளைவி, இன்னும் வளர்த்து என்று பல பத்தாண்டுகள் ஊக்கம் கொடுத்துவிட்டு, ஒரே நாளில் குறை என்றால் கோபம் வராதா? வரும். ஆனாலும் தீர்ப்பு சரி என்பதுதான் என் கட்சி.

எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. புல்வெளியின் நலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பச்சையின் அளவை வைத்தே மதிப்பிடும் பழக்கம். உரம் குடித்து இரண்டே இனமாகிப் போன புல்வெளி அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். மெலிந்து, பழுத்து, பூக்கள் நிறைந்த புல்வெளி பின்தங்கிவிடும். தரையில் இறங்கி, ஒரு சதுரம் போட்டு, எத்தனை வகை என்று எண்ணுவதற்குப் பதிலாக எதுவும் கிடையாது.

சரி, நிறுத்தினால் மீளுமா? பார்க் கிராஸில் சில பாத்திகளின் ஒரு பாதிக்கு 1989ல் நைட்ரஜனை நிறுத்தினார்கள். இனங்கள் கூடின, பயறு வகைகள் திரும்பின. காற்று மாசு குறைந்ததும் அங்கே உதவியது. சீடர் கிரீக்கிலோ, குறைந்த அளவு வாங்கிய பாத்திகள் 13 ஆண்டுகளில் ஏறக்குறைய பழைய நிலையை எட்டின. அதிகம் வாங்கியவை 20 ஆண்டுகள் கழித்தும் எட்டவில்லை. வித்தியாசத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இது: பார்க் கிராஸில் ஒவ்வொரு வருடமும் புல்லை அறுத்து வெளியே கொண்டு போய்விடுகிறார்கள். அதோடு சத்தும் போகிறது, சருகும் சேர்வதில்லை, பக்கத்துப் பாத்தியிலிருந்து விதை வந்து விழவும் வழி இருக்கிறது.

ஆனால் இது நைட்ரஜனுக்குத்தான். மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் உட்கார்ந்துவிடும். ஐரோப்பாவில் சில இடங்களில் மேல்மண்ணையே சுரண்டி லாரியில் ஏற்றி அப்புறப்படுத்துகிறார்கள், அப்புறம் விதை கொண்டு வந்து தூவுகிறார்கள். இத்தனை செலவு செய்ய முடியாதவர்கள், புல்லை அறுத்தால் அதை அங்கேயே மக்க விட்டுவிட்டுப் போகாமலாவது இருக்கலாம்.