சைக்கிளின் ஹப் கியர், டீரெய்லர்: ஒரு திருத்தம்
சைக்கிளில் கியர் மாற்றும் அமைப்புகள் இரண்டு: பின்சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் அடங்கியது ஹப் கியர்; சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது டீரெய்லர்.
"ஹப் கியர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் மாறும், டீரெய்லரோ மிதிப்பதை நிறுத்தினால்தான் மாறும், ஆகவே பாம்பன் பாலத்துக்கு ஹப் கியரே சிறந்தது" என்று ஒருவர் எழுதியிருப்பது செய்தியைத் தலைகீழாக்கிவிடுகிறது. டீரெய்லர், ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்தில் ஏற்றுவதால், பெடல் சுழலாதபோது அதனால் மாற்ற இயலாது. இன்றைய பல்சக்கரங்களின் பக்கங்களில் சங்கிலி ஏறுவதற்கென்றே தடங்கள் வெட்டப்பட்டிருப்பதால், மிதமான அழுத்தத்திலும் அது தயங்காமல் மாறுகிறது.

ஹப் கியரிலோ, மாற்றம் முழுவதும் பின்சக்கரத்தின் குடத்துக்குள், ஒரு மையப் பல்சக்கரத்தைச் சுற்றிவரும் சிறு சக்கரங்களிடையே நடக்கிறது. காலின் பாரம் அழுத்தும்போது அங்குள்ள பூட்டுறுப்புகள் இறுகிக்கொண்டு எளிதில் விலகுவதில்லை என்பதால், கணநேரம் மிதியைத் தளர்த்தியே மாற்ற வேண்டும். எதிர்க்காற்றில் பாலமேறுபவருக்கு அந்தக் கணமே பெரிது! ஆனால் நின்ற இடத்திலேயே மாற்றிக்கொள்ளும் வசதி ஹப் கியருக்கு மட்டுமே உண்டு; ராமேஸ்வரத்துக் கோயில் தெரு நெரிசலில் அதன் அருமை தெரியும்.

ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் பழைய மூன்று கியர் ஹப்பில், நடுக் கியரை 100 எனக் கொண்டால் விகிதங்கள் ஏறத்தாழ 75, 100, 133 சதவீதம் என்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் கால் வேகம் சட்டென மாறுவதும் உண்மையே. தனுஷ்கோடி மணல் சங்கிலியில் ஒட்டி டீரெய்லரைப் படுத்துவதையும் மறுக்கவில்லை. உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடித்தால் மட்டும், கேபிளால் இயங்கும் இரண்டுமே ஒன்றுபோலத் தடுமாறும்.