அந்த ஐந்து நிமிடத்தைத் தொடாதீர்கள்

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். இனி முடியாது. அந்த வீடியோவையும் அதன் கீழே வந்த கமெண்டுகளையும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கராத்தே வகுப்பு முடியும் நேரம், பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே 'தூங்குவதற்கும் ஃபீஸ்' என்று எழுதியிருக்கிறது. போட்டவர் வெளியாள் என்றால் கடந்து போயிருப்பேன். அதே பயிற்சி விரிப்பில் என்னோடு வியர்வை சிந்தியவர் அவர்.

வகுப்பின் முடிவில் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து உட்காரும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மொகுசோ என்று பெயர். அது தூக்கம் இல்லை. ஓய்வும் இல்லை. அதுவும் பயிற்சிதான்.

என்ன பயிற்சி என்று கேட்டால், திரும்பி வருகிற பயிற்சி. மூச்சைக் கவனிக்க உட்காருகிறீர்கள், மனம் எங்கோ ஓடிவிடுகிறது. ஓடியதைக் கண்டுபிடித்து மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். மறுபடி ஓடுகிறது, மறுபடி திரும்புகிறீர்கள். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், முகத்தில் ஒரு குத்து விழுந்த அடுத்த நொடி வேண்டியதும் இதேதான். வாங்கிய அடியிலேயே மனம் நின்றுவிட்டால் அடுத்த அடி கண்ணுக்குத் தெரியாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 17ஆம் நூற்றாண்டில் தாகுவான் என்ற ஜென் துறவி, ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனுக்கே வாள் கற்றுக்கொடுத்த யாக்யு முனெனோரிக்கு எழுதியதன் சாரமே இதுதான். எதிரியின் வாளில் மனதை வைத்தால் மனம் அந்த வாளிடம் சிக்கிக்கொள்ளும், உன் வாளில் வைத்தால் உன் வாளிடம் சிக்கிக்கொள்ளும், எங்கேயும் நிற்க விடாதே என்றார். களரியில் மெய்யே கண்ணாக வேண்டும் என்பார்கள். இரண்டையும் வெறும் தண்டால் எடுத்து வரவைக்க முடியுமா? இருபத்தைந்து வருடமாகத் தண்டால் எடுப்பவன் சொல்கிறேன், முடியாது.

எனக்கு இது புரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயது, ஒரு போட்டி. நான் ஒரு பாயிண்ட் முன்னிலை. எதிரில் இருந்தவன் என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான், நடுவர் கவனிக்கவில்லை. நான் அந்த அறையிலேயே நின்றுவிட்டேன். 'பார்க்கவில்லையே, பார்க்கவில்லையே' என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே பக்கத்திலிருந்து இரண்டு உதை வாங்கினேன். மூன்றாவதாக அவன் வந்தபோது முழு பலத்தோடு முகத்தில் குத்திவிட்டேன். அவன் உதடு கிழிந்தது. என்னைத் தகுதி நீக்கம் செய்தார்கள்.

என் மாஸ்டர் திட்டவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் உட்கார வைத்தார். மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணு, விட்டுப்போனால் மறுபடி ஒன்று என்றார். நான்கைத் தாண்ட முடியவில்லை. முட்டி வலி ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை நெற்றியிலிருந்து இறங்கிய ஒரு வியர்வைத் துளி. புருவத்தில் சற்று நின்று, மூக்கின் ஓரமாக ஊர்ந்து, மேலுதட்டில் வந்து தங்கியது. துடைக்கக் கை துடித்தது, துடைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு ஸ்பாரிங்கில் கண்ணுக்குள்ளேயே வியர்வை இறங்கியது. எரிந்தது. ஆனால் முகத்தைக் காக்கும் நிலையை விட்டு என் கை இறங்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தத் துளி ஞாபகம் வந்தது.

"பாக்ஸிங்கில் யாரும் இப்படி உட்காருவதில்லையே, அவர்கள் அடிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். உட்காராமலும் மனதைப் பழக்கலாம். கயிறு தாண்டும்போதும் தனியாக நிழல் குத்து போடும்போதும் அவர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வேறு வழி இருக்கிறது என்பதற்காக இந்த வழி வீண் என்று ஆகிவிடுமா?

"அறிவியல் இருக்கா?" என்கிறார் இன்னொருவர். பயம் வந்தால் அட்ரினலின் ஏறும், இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு நெஞ்சுக்கு ஏறும், பார்வை குறுகும். மூச்சை நிதானமாக, நீளமாக விட்டால் இதயத்துடிப்பு இறங்கும். மூச்சோடு சேர்த்துச் செய்யும் கராத்தே அசைவுத் தொடரான சாஞ்சின் கட்டாவைச் செய்து பார்த்தவர்களுக்கு மூச்சின் வேலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "இது மதம்" என்பவர்களுக்கு, மூச்சுக்கு மதம் கிடையாது. அவ்வளவுதான்.

எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துப் போதிதர்மரை இழுத்து வருபவர்களே, தயவுசெய்து வேண்டாம். சீனாவின் ஷாவோலின் மடத்துக்குச் சண்டைக்கலையைக் கொடுத்தவர் அவர் என்பதற்கு உறுதியான வரலாற்று ஆதாரம் கிடையாது. அவர் பெயரில் சொல்லப்படும் உடற்பயிற்சி நூலே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதுதான் ஆய்வாளர்கள் முடிவு. நான் சொல்வது உண்மை என்பதற்குப் புராணம் தேவையில்லை, விரிப்பில் வந்து உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சரி, இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். தியானம் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாம். கண்ணை மூடியிருக்கும் பிள்ளைகளைப் படம் எடுக்க எப்படி மனம் வந்தது? தன்னை யாரோ எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களை நம்பித்தானே ஒருவர் கண்ணை மூடுகிறார்? அந்த வீடியோ இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்துவிடுங்கள். என்னைப் பற்றி எழுதியதெல்லாம் இருக்கட்டும், பிள்ளைகள் முகத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நேற்று வகுப்பு முடிவில் எல்லாரும் உட்கார்ந்தோம். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன்மா என்றேன். "யாராவது வீடியோ எடுப்பாங்க மாஸ்டர்" என்றாள். நான் எழுந்துபோய் வாசல் பக்கம் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் அவள் மூச்சு நிதானமாவது கேட்டது.