லின் வைட் எழுதியதன் மறுபாதி

சூழல் சீரழிவுக்குக் கிறித்தவத்தைக் காரணமாக்கும் ஒரு கட்டுரைக்கு என் பதில் இது. பூமியை ஆண்டுகொள்ளும்படி மனிதனுக்குச் சொன்ன விவிலிய வசனமே சூழல் சீரழிவுக்கு வேர் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் சொன்னதுதான் இது. ஆனால் அதே வைட், அதே கட்டுரையின் முடிவில், சூழலியலாளர்களின் பாதுகாவலராக இயற்கையை நேசித்த புனிதரான அசிசி நகர் பிரான்சிஸை முன்மொழிந்ததையும், 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்படியே அறிவித்ததையும் கட்டுரையாளர் ஏனோ விட்டுவிட்டார். மனிதனிடம் தோட்டம் ஒப்படைக்கப்பட்டது பண்படுத்திக் காப்பதற்கே என்னும் விவிலியத்தின் தொடக்க நூல் 2:15ஐ முன்னிறுத்தி, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் சூழல் பற்றி வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும் இந்த வாதத்துக்கு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, எங்கள் பகுதி மீனவர்கள் அதைக் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள்; அலையாத்தி வேர்களில் அது தாராகப் பிடித்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் வேத வசனத்தைத் தேடுவது வீண். மாறாக, வடசென்னைப் பங்கு ஆலயங்களின் ஞாயிறு மறையுரைகளில் அந்த எண்ணெயும் அனல்மின் நிலையச் சாம்பலும் ஏன் இவ்வளவு அரிதாகப் பேசப்படுகின்றன என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால், என்னிடம் மறுப்பு இருந்திருக்காது.