கணக்கைச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை கர்ப்பிணிகள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பொறுத்துப் பார்த்தேன். எனக்கு மூத்தவராக லேபர் வார்டில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அக்கா சிசேரியன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களுக்கும் வீடியோ பார்த்தவர்களுக்கும் விஷயம் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் இன்று காலையில் ஒருவர் எனக்கே செய்தி அனுப்பியிருக்கிறார்: "நர்ஸ் நர்ஸ் வேலையைப் பார்த்தால் போதும், புள்ளிவிவரம் பேசி வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பயமுறுத்தக் கூடாது." இதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா அன்று சொன்னது என்ன? தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்றார். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. அதே ஆய்வு 2005-06இல் எடுத்தபோது மாநிலம் முழுவதற்கும் 20.3தான் இருந்தது. இது அக்கா வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை. மத்திய அரசு வெளியிட்ட கணக்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதைப் படித்துச் சொன்னதற்குத்தான் பேசிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள். அந்தக் கணக்கை ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் விழிப்புணர்வு என்று கைதட்டியிருப்பார்கள். நர்ஸ் சொன்னால் அது பயமுறுத்தல்.

அக்கா யார் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க லேபர் வார்டில் நின்றவர். மூன்று ஷிப்டுக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டால் ஒரு பி.எச்.சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கலாம் என்று நாட்டுக்கே காட்டியது தமிழ்நாடு. அந்த நர்ஸ்களில் ஒருவர் அவர். ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு வந்த பெண்ணுக்குக் குழந்தையைக் கையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். அப்போது யாரும் "நர்ஸ் நர்ஸ் வேலையைப் பார்" என்று சொல்லவில்லை.

நான் சேர்ந்த புதிதில் அக்கா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, பத்து நிமிஷம் அந்தப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்காருவது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை வலி வந்தது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நின்றது என்று எண்ண வேண்டும். கையை எடுக்கக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் வலியின் வேகமும் தெரியும், அந்தப் பெண்ணின் பயமும் தெரியும். முதல் பிரசவம் என்றாலே கத்தரி போட்டு, அதாவது பிறப்புவாசலை வெட்டிவிட்டு, தையல் போட்டே ஆக வேண்டும் என்று நர்சிங் பள்ளியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். "பொறுமையாகத் தலையைக் கையில் தாங்கி வெளியே விடு, எல்லாருக்கும் கத்தரி தேவைப்படாது" என்று சொன்னதும் அக்காதான். எல்லாருக்கும் வழக்கமாகக் கத்தரி போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் எழுதியிருக்கிறது. எங்கள் வார்டில் அது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது.

சரி, இனி வரப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"சிசேரியன் உயிரைக் காப்பாற்றுகிறது, அதைக் குறை சொல்கிறீர்களா?" இல்லை. குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி கீழே இறங்கிவிட்ட ஒரு பெண்ணோடு 108இல் போயிருக்கிறேன். குழந்தையின் தலை கொடியை நசுக்கிவிடாமல் ஜி.ஹெச் போய்ச் சேரும் வரை உள்ளே விட்ட கையால் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டே போனேன். தியேட்டரில் குழந்தையை எடுக்கும் வரை கையை எடுக்கவில்லை. அந்த ஆபரேஷன் இல்லையென்றால் அந்தக் குழந்தை இல்லை. சிசேரியனின் அருமை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேவைப்பட்டவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் 36 பேருக்குத் தேவைப்படுவது தெரு தாண்டித் தனியாருக்குப் போனால் 64 பேருக்கு எப்படித் தேவைப்படுகிறது? அதுவும் சிக்கலான கேஸ்களை ராத்திரியோடு ராத்திரியாக ஜி.ஹெச்சுக்கு அனுப்பிவிடுகிற ஊர்களில்? இதைத்தான் அக்கா கேட்டார். கணக்கைச் சொல்லிவிட்டுக் காரணம் கேட்டார். அதில் என்ன குற்றம்?

"பெண்களே நல்ல நேரம் பார்த்துக் கேட்கிறார்கள்." கேட்கிறார்கள்தான், சிலர். எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போடாதீர்கள்.

"தாய்மார் இறப்பு குறைந்ததே இதனால்தான்." 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54, இந்தியா முழுவதற்கும் 97. பெருமைப்பட வேண்டிய எண். ரத்த வங்கி, 108, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர், பி.எச்.சி நர்ஸ் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. கத்திக்கு மட்டும் மாலை போட வேண்டாம்.

"இப்படிப் பேசித்தான் வீட்டுப் பிரசவத்துக்குத் தூண்டுகிறீர்கள்." இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 2018இல் திருப்பூரில் வீட்டிலேயே யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வார்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நாங்களா வீட்டுக்கு அனுப்புகிறோம்? ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டால் திட்டு விழும், காரணம் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கிடக்க வேண்டும் என்ற பயம்தான் அனுப்புகிறது. கூட ஒருவர் கடைசி வரை துணைக்கு இருந்தாலே சிசேரியன் குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த 26 ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசுகிற காக்ரேன் அமைப்பு 2017இல் சொல்லிவிட்டது. மருந்து இல்லை, மெஷின் இல்லை, முதுகைத் தேய்த்துவிட ஓர் ஆள். இதை ஒரு கர்ப்பிணியிடம் சொன்னால் அவர் பயப்படுவாரா, தைரியமாக வருவாரா?

என் தங்கையின் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை. முதல் பிரசவம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வலி இன்னும் வரவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு "கொடி கழுத்தைச் சுற்றியிருக்கு, உடனே எடுக்கணும்" என்றார்கள். வீடே ஆடிப்போனது. கொடி சுற்றுவது நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு நடப்பது, அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. நான் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஓடினேன். "இதயத்துடிப்பு எப்படி இருக்கு மேடம்?" என்றுதான் கேட்டேன். "நீங்க என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர். ஸ்டாஃப் நர்ஸ் என்றேன். அவ்வளவுதான், என் முகத்தை விட்டுத் திரும்பி என் தங்கை வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தார். அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர், பாவம், என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதில் கடைசி வரை கிடைக்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறான். ஆனால் முதலில் ஆபரேஷன் ஆனதால் இரண்டாவதும் ஆபரேஷன். சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தழும்புக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (பிளாசென்டா) அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அதையும் முதல் கையெழுத்தின்போது யாரும் சொல்லவில்லை.

படிப்பு படிப்பு என்கிறார்களே, ஒன்று கேட்கிறேன். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்க லேபர் வார்டில் தினமும் நிரப்புகிற பார்ட்டோகிராஃப் தாளில் எச்சரிக்கைக் கோடும் நடவடிக்கைக் கோடும் எதற்காக வந்தன? 1972இல், இன்று ஜிம்பாப்வே என்கிற ரொடீசியாவில், பில்பாட், காசில் என்ற இரண்டு டாக்டர்கள், தூரத்துக் கிளினிக்கில் தனியாகப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கு எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்காகப் போட்ட கோடுகள் அவை. அவர்கள் அறிவைப் பகிர்ந்தார்கள். அப்புறம் அதே தாளை வைத்து, கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்றால் "வலி முன்னேறவில்லை" என்று எழுதித் தியேட்டருக்கு அனுப்பும் பழக்கம் வந்தது. ஒரு சென்டிமீட்டர் கணக்கை எல்லாப் பெண்களுக்கும் விதியாக வைக்காதீர்கள், ஐந்து சென்டிமீட்டர் வரை அவசரப்படாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொன்ன பிறகும் இது எத்தனை வார்டுகளில் மாறியிருக்கிறது? நாங்கள் கேட்டால் வாயை மூடு என்கிறார்கள்.

அதே 2018இல் மத்திய அரசும் பிரசவம் பார்ப்பதற்கென்றே உள்ள மிட்வைஃப் நர்ஸ்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடலாம் என்று அதிலேயே இருக்கிறது. சிசேரியன் 60 சதவீதத்தைத் தாண்டிய தெலங்கானா அதற்கு ஒரு வருஷம் முன்பே பயிற்சியை ஆரம்பித்துவிட்டது. அரசே ஒப்படைக்கலாம் என்று சொல்லும் பொறுப்பைப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் பேசினால் மட்டும் பொறுக்கவில்லை.

எல்லா டாக்டர்களையும் சொல்லவில்லை. என்னோடு ராத்திரி முழுக்க விழித்திருந்து, "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் சிஸ்டர்" என்று காத்திருந்த டாக்டரம்மாக்கள் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்குப் புரியும். கோபப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆஸ்பத்திரியின் கணக்கை வெளியே வையுங்கள். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்றால் ராப்சன் பிரிவு இருக்கிறது, பிரசவத்துக்கு வருகிறவர்களை அவரவர் நிலைமைப்படி பத்தாகப் பிரிக்கும் முறை. முதல் பிரசவம், தலை கீழே, மாதம் நிறைந்து தானாக வலி வந்தவர்கள், அந்த ஒரு பிரிவை மட்டுமாவது சொல்லுங்கள். அதில் எத்தனை பேருக்குச் சிசேரியன் என்று ஓ.பி வாசலில் எழுதிப் போடுங்கள். ஸ்கேனுக்கு எவ்வளவு, ரூமுக்கு எவ்வளவு என்று போர்டு வைக்கிறீர்கள், அதன் பக்கத்திலேயே இதற்கும் இடம் இருக்கிறது. நீங்களே எழுதிப் போட்டுவிட்டால் எந்த நர்ஸும் மைக் பிடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் வராது.