கடன் வாங்காததுதான் குற்றமா?

2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கில் தொழில் படுத்திருந்த ஒரு காலை நேரம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, அரசு அறிவித்த அவசரக் கடன் கேட்டு வங்கிக்குக் கிளம்பினார். கோவை கணபதியில் இரண்டு லேத் (கடைசல் மிஷின்), ஒரு டிரில்லிங் மிஷின் வைத்து பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை) செய்கிறவர். வேலைக்கு மூன்று பேர். 22 வருஷம் கடன் இல்லாமல் தொழில் நடத்தினேன் என்பதுதான் அவருடைய பெருமை. அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "நம்ம பேர்ல லோன் எதுவும் இல்லையாம். அதனால புதுசா கொடுக்க வழி இல்லைன்னுட்டாங்க" என்றார்.

வங்கியில் இருந்தவர் சொன்னதில் தவறில்லை. திட்டமே அப்படித்தான் இருந்தது. மே 13 அன்று மத்திய நிதியமைச்சர் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடனுக்கு அடமானம் வேண்டாம், அரசே முழு உத்தரவாதம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம்தான் கிடைக்கும். 50 லட்சம் கடன் இருந்தவருக்கு 10 லட்சம். கடனே இல்லாதவருக்கு? பூஜ்யம்.

இந்தத் திட்டத்தால் தப்பித்த கம்பெனிகள் உண்டு, மறுக்கவில்லை. பழைய கணக்கு இருக்கிறவருக்கு வேகமாகப் பணம் போகும் என்பதும் உண்மை. ஆனால் கைக்காசில் தொழில் செய்கிறவர்கள், சீட்டுப் பணத்தில் மிஷின் வாங்கியவர்கள், நகையை வைத்து முதல் போட்டவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பட்டறைகள் அப்படிப்பட்டவைதான்.

இதைவிட வலித்தது இன்னொன்று. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் ஊரடங்குக் காலத்துக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தொழிலாளி பட்டினி கிடக்கக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அப்பாவும் ஏப்ரல் மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார், அம்மாவின் வளையலை வைத்து. ஆனால் ஷட்டர் மூடிய பட்டறையில் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று உத்தரவு போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டாமா? மே 18-இல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. வளையல் போனது போனதுதான்.

பிஎஃப் தொகையை அரசே கட்டும் என்றார்கள். சட்டப்படி 20 பேர் வேலை செய்தால்தான் பிஎஃப் கட்டாயம். மூன்று பேர் பட்டறைக்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்காவிலும் சிறு தொழில்களுக்குக் கடன் என்ற பெயரில்தான் கொடுத்தார்கள். ஆனால் பெரும்பகுதியை ஊழியர் சம்பளத்துக்குச் செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அங்கேயும் குளறுபடி நடந்தது. முதல் சுற்றில் ஒதுக்கிய 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்தது; பெரிய உணவகச் சங்கிலிகள் வாங்கிக்கொண்டதாகக் கோபம் எழுந்தது. அப்புறம் 2021 பிப்ரவரியில், 20 பேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்க 14 நாள் தனியாக ஒதுக்கினார்கள். தாமதம்தான், ஆனாலும் திருத்தினார்கள். நம் நாட்டில் கடன் திட்டத்தின் வரம்பு 3 லட்சம் கோடியிலிருந்து 5 லட்சம் கோடி வரை போனது. கடனே இல்லாதவருக்கு அதன் கதவு திறக்கவில்லை.

சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு வழக்கு இல்லை, யாருக்குக் கொடுப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். ஈபி கார்டு இருக்கிறதே! லேத் ஓட வேண்டுமென்றால் தொழிலுக்கான மின் இணைப்பு வேண்டும். யார் பெயரில், எந்த முகவரியில், போன வருஷம் எத்தனை யூனிட் ஓடியது, ஊரடங்கில் எவ்வளவு விழுந்தது, எல்லாம் அரசு கையிலேயே இருக்கிறது. யூனிட் விழுந்த அளவைப் பார்த்து இரண்டு மாத வாடகையும் சம்பளமும் நேராகக் கணக்கில் போட்டிருக்கலாம். கடனாக அல்ல, உதவியாக.

அப்பா 2021 ஜனவரியில் ஒரு லேத்தை விற்றார். வாடகை பாக்கி அதில்தான் தீர்ந்தது. மூன்று பேரில் ஒருவர்தான் இப்போது வேலைக்கு வருகிறார்.