காசு வாங்க ஆள் இல்லாத சுங்கச்சாவடி

போன பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். வாடகைக் காருக்கு வந்த டோல் பில்லைப் படம் எடுத்துப் போட்டு, டோலைவிட அதை வசூலித்த கூலி பெரிது என்று இரண்டு வரி புலம்பியிருந்தேன். "சொந்த விமானத்தில் வந்து இறங்குகிற துரைக்கு டோல் கட்ட வலிக்கிறதாம்" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நம் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களும் அதில் இருந்தார்கள். சிரியுங்கள், தப்பில்லை. எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கலாம்.

மறுபடி சொல்கிறேன். டோல் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டத் தயாராக வருகிறவனுக்குக் கட்ட வழி இல்லை என்கிறேன்.

முதலில் அந்தச் 'சொந்த விமானம்'. அது 1970களில் செய்த ஒரு செஸ்னா 172. கிளப்பில் பலர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். நான்கு இருக்கை என்று பெயர். நான்கு பெரியவர்கள் ஏறினால் எரிபொருளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வலது கதவை ஓங்கிச் சாத்தினால் தாழ்ப்பாள் விழாது, மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். என்னைத் துரை என்று எழுதியவர் ஓட்டும் காரின் விலையில் என் பங்கைப் போல் சில வாங்கலாம். இதையெல்லாம் விளக்க வேண்டியிருப்பதே எரிச்சலாக இருக்கிறது. பணக்காரனாகவே இருந்தாலும் அநியாயம் அநியாயம்தானே?

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது நியூயார்க்குக்கு அழைத்துப் போனேன். முதுகு வலி உள்ளவர், காரில் நாள் முழுக்க உட்கார முடியாது. ஹட்சன் ஆற்றின் மேலே 1,300 அடிக்குக் கீழே சிறு விமானங்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. 2009 ஆகஸ்டில் ஒரு சிறு விமானமும் ஹெலிகாப்டரும் அங்கே மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு விதிகளை இறுக்கினார்கள். வேகம் 140 நாட்ஸைத் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) தாண்டக் கூடாது, குறிப்பிட்ட இடங்களில் நாமே ரேடியோவில் இன்னார் இங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், சுதந்திர தேவி சிலை எல்லாவற்றையும் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை.

பிறகு ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, அதே ஆற்றுக்கு அடியில் நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் போகும் லிங்கன் சுரங்கப்பாதையை நோக்கிப் போனோம். வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. டோல் வருகிறது என்று சொன்னதும் அம்மா கைப்பையிலிருந்து ஒரு இருபது டாலர் நோட்டை எடுத்து நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். மகன் விமானச் செலவு செய்திருக்கிறான், இதையாவது நான் கொடுக்கிறேன் என்று. தலைக்கு மேலே கேமராக்கள் மாட்டிய இரும்புச் சட்டகம் கடந்து போனது. "யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை அம்மா என்றேன். 2022 டிசம்பரோடு அங்கே ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு நடப்பதைக் கேளுங்கள். கேமரா நம்பர் பலகையைப் படம் பிடிக்கும். பில் காரின் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர் வாடகைக் கார் நிறுவனம். அவர்கள் அதோடு 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்து என் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். டோலே இல்லாத நாளுக்கும், கார் தெருவோரம் சும்மா நின்ற நாளுக்கும் சேர்த்து. நான் போட்ட படத்தில் இருந்தது அதுதான். டோலைவிட அதற்கு வாங்கிய கூலி பெரிது. அதைத்தான் சுட்டிக்காட்டினேன்.

சுரங்கத்தைத் தாண்டினால் நெரிசல் கட்டணம். 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்கு, கூட்ட நேரத்தில் 9 டாலர். அது ஈஸிபாஸ், அதாவது நம் ஃபாஸ்டாக் போல டோலைத் தானாகக் கழிக்கும் கருவி, வைத்திருப்பவருக்கு. இல்லாதவருக்கு 13.50. சுரங்கத்தில் ஏற்கெனவே கட்டியதற்காகத் தரும் 3 டாலர் கழிவும் ஈஸிபாஸ்காரருக்குத்தான். உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, வந்தவனுக்கு ஒரு விலை. நம் ஊரிலும் ஃபாஸ்டாக் இல்லையென்றால் கூடுதலாக வாங்குவார்கள்தான். ஆனால் அங்கேயே வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்கள், கணக்கு முடிந்தது. ஆறு வாரம் கழித்து வந்து கார்டில் கை வைக்க மாட்டார்கள்.

"உன் ஈஸிபாஸைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே?" போடுகிறேன் ஐயா. ஹெட்செட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. ஆனால் வாடகைக் காரின் கண்ணாடியில் அவர்களுடைய கருவி ஏற்கெனவே ஒரு பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டி திறந்திருந்தால் சுங்கச்சாவடி எந்தக் கருவியைப் படிக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். காரின் நம்பரை என் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் எந்தக் கார் என்பதே சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும். திருப்பிக் கொடுத்ததும் நம்பரை எடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்து அந்தக் காரை எடுத்தவர் சுற்றுவதெல்லாம் என் கணக்கில் விழும். ஒரு சுரங்கத்தைக் கடக்க இத்தனை சடங்கு. கட்ட வழி இல்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

"ரயிலில் போ" என்றவர்கள், என் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வாருங்கள்.

நான் நெரிசல் கட்டணத்தை எதிர்க்கிறேன் என்று ஒரு நண்பர் பாடம் எடுத்திருந்தார். எதிர்க்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1950களிலேயே சொன்ன யோசனை அது, 1996இல் நோபல் வாங்கியவர். அது வேலை செய்யும் என்பது சிறு விமானம் ஓட்டும் எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் நியூயார்க் அதைக் கார்கள் மேல் போடுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே எங்கள் மேல் போட்டுப் பார்த்துவிட்டது. 1968இல் கென்னடி, லகார்டியா, நியூவார்க் விமான நிலையங்கள் மூன்றிலும் கூட்ட நேரத்தில் சிறு விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணத்தை 5 டாலரிலிருந்து 25 டாலராக ஏற்றினார்கள். சிறு விமானங்கள் விலகிப் போயின. போகச் சொன்ன இடத்துக்குப் போய், ஆற்றுக்கு அக்கரையில் இறங்கினால், இப்போது அக்கரையிலிருந்து வருவதற்கும் தண்டம்.

நகரங்களுக்கு எங்களைப் பிடிக்காது, அதுதான் உண்மை. சிகாகோவில் நகரத்தின் மடியிலேயே மெய்க்ஸ் ஃபீல்டு என்று ஓர் ஓடுபாதை இருந்தது. இறங்கினால் நடந்தே ஊருக்குள் போகலாம், டோலும் இல்லை, நெரிசலும் இல்லை. 2003 மார்ச் மாத இறுதியில் ஒரு நள்ளிரவு, மேயர் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிவிட்டுப் போயின. நிறுத்தியிருந்த விமானங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு தராததற்கு அபராதம் 33,000 டாலர். ஒரு நகராட்சிக்கு அது காபிச் செலவு. அப்போது யாரும் சிரிப்புக் குறி போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். போட்டிருப்பார்கள்.

இது வெறும் காசு விஷயமும் இல்லை. 1999 ஜூலையில் ஜனாதிபதி கென்னடியின் மகன் கென்னடி ஜூனியர், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் தானே சிறு விமானம் ஓட்டி நியூஜெர்சியின் கால்ட்வெல்லில் இருந்து கிளம்பிய அந்த மாலை நினைவிருக்கிறதா? வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பத் திட்டமிட்டிருந்தார். விமான நிலையத்துக்கு வரும் வழியில் கடும் நெரிசல். எழும்பியபோது இரவு 8:38, சூரியன் மறைந்துவிட்டது. கடலுக்கு மேலே இருட்டில் மேல் கீழ் தெரியாமல் போய் மூவரும் இறந்தார்கள். விபத்து விசாரணை அறிக்கை நெரிசலைக் குற்றம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சுரங்கத்து வாயில் மாட்டிக்கொண்டு, சாயங்கால வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கிற விமானிக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? அம்மாவோடு திரும்பிய அன்று எனக்கு அதுதான் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் "துரைக்குப் பயமாம்" என்பீர்கள்.

மன்ஹாட்டனில் இருக்கும் நண்பர்களுக்கு: அடுத்த முறை வரும்போது விருந்து வேண்டாம். நீங்கள் அக்கரைக்கு வாருங்கள், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உணவகம் இருக்கிறது. பில் என்னுடையது. அங்கே கல்லாவில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.