யூபாரியின் கடன் யாருடையது?

ஜப்பானில் திவாலான ஊர் எது என்று தேடினால் யூபாரி என்று வரும். கேளிக்கைப் பூங்கா கட்டி ஊதாரித்தனமாக அழிந்த நகராட்சி என்ற விளக்கமும் கூடவே வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஹொக்கைடோ தீவில், சப்போரோவுக்குக் கிழக்கே மலைகளுக்குள் ஒடுங்கிய ஊர் அது. ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கில் வீடுகள் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எரிமலைச் சாம்பல் கலந்த மண், நெல்லுக்குத் தோதில்லை. ஆனாலும் சனம் வந்து குவிந்ததற்கு ஒரே காரணம், 1888இல் மலைச்சரிவில் கண்ணில் பட்ட நிலக்கரி. அந்தச் சரிவை இன்றும் அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று அடுக்குகள், மொத்தம் 24 அடி கனம், வெட்டவெளியில் நிற்கும் கறுப்புச் சுவர். 1960இல் ஊரின் மக்கள்தொகை சுமார் 1,17,000. இன்று ஏழாயிரத்துக்கும் கீழே.

நாடு எண்ணெய்க்கு மாறியதும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1981 அக்டோபர் 16 அன்று ஹொகுத்தான் நிறுவனத்தின் புதிய சுரங்கத்தில் வாயு பீறிட்டுத் தீப்பற்றியது. 93 பேர் இறந்தார்கள். தீ அடங்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, அவர்களில் 59 பேர் இன்னும் உள்ளே இருக்கும்போதே, குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் விட்டார்கள். அந்த நேரத்தில் சங்கு ஊதியது. ஊரே மௌனமாக நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கை ஓடவில்லை.

சுரங்க ஊரில் குடியிருப்பு, மருத்துவமனை, குடிநீர் எல்லாமே கம்பெனி நடத்தியவை. கம்பெனி மூட்டை கட்டியதும் அத்தனையையும் நகராட்சி காசு கொடுத்து வாங்கி நடத்த வேண்டியதாயிற்று. கடனின் வேர் அங்கேதான் இருக்கிறது. பூங்காவெல்லாம் பிழைக்க வழி தேடிய முயற்சி. 1987இல் சுற்றுலா விடுதிகளை ஊக்குவிக்கச் சட்டமே போட்டது மத்திய அரசு. கணக்கை வருடக்கணக்காக மறைத்தது நகராட்சியின் தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கரியில் குளிர்காய்ந்த தேசம், நிலக்கரிப் பகுதிகளுக்கான உதவிச் சட்டத்தை 2001இல் முடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டதே, அதை யார் கேட்பது?

2007இல் சுமார் 3,530 கோடி யென் கடனோடு ஊர் அரசின் கண்காணிப்புக்குள் போனது. 171 படுக்கை மருத்துவமனை 19 படுக்கையாகச் சுருங்கியது. டோக்கியோவின் 23 வட்டாரங்களைவிடப் பரப்பில் பெரிய ஊருக்கு மிஞ்சியது ஒரே ஓர் ஆரம்பப் பள்ளி. 2019இல் ஊருக்குள் போன கிளை ரயில் பாதையும் மூடப்பட்டது.

அதே 2019இல் இரண்டு யூபாரி முலாம்பழம் 50 இலட்சம் யென்னுக்கு ஏலம் போன செய்தியை எல்லோரும் பகிர்ந்தீர்கள். நெல் விளையாத அதே சாம்பல் மண்ணில் விளைந்த பழம் அது. சுரங்கம் உச்சத்தில் இருந்த 1960இலேயே சில விவசாயிகள் அதற்காகச் சங்கம் வைத்தார்கள்.

கடன் தவணை 2027 மார்ச்சில் முடிய வேண்டும் என்பது திட்டம். 1981இல் அந்தச் சங்கொலியைக் கேட்டுவிட்டு, ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர்களும் சேர்ந்துதான் அதைக் கட்டிவருகிறார்கள்.